வெள்ளிக்கிழமை எழுத்து

மகள் அனு செத்து எட்டு மாதம் ஆகியும், வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

முதல் நாளே கழுவிக் காயவிட்ட மர வாசற்படியில் தேன்மொழி மஞ்சள் குழைத்துப் பூசுவாள். பூசப் பூச, ‘அம்மா’ என்று ரத்தச் சிவப்பில் எழுத்து எழும்பும். அன்றைக்கு மட்டும்தான் அவள் வயிறாரச் சாப்பிடுவாள்.

இந்த வாரம் அவள் புருஷன் வளவன் அவலூர்பேட்டையில் லாரி பழுதாகி மாட்டிக்கொண்டான். விடிந்துதான் பஸ் கிடைத்தது. ஜன்னலில் செஞ்சிக் கோட்டை தெரிந்ததும் இறங்க எழுந்து நின்றான்.

அந்தச் சிவப்பு எழுத்து, அனு ஸ்கூலுக்காகச் செய்து காட்டிய பரிசோதனைதான். சோப்புத் தண்ணியில் எழுதினால் காய்ந்ததும் தெரியாது; மஞ்சள் பட்டால் சிவக்கும். வியாழக்கிழமைதோறும் அவன்தான் திருட்டுத்தனமாக எழுதி வந்தான். நேற்று எழுத ஆளில்லை.

வீட்டில் தேன்மொழி பூசிக்கொண்டிருந்தாள்.

“மிதிச்சிடாதய்யா.”

படியில் சிவப்பாக எழும்பியது: ‘நைனா’. அனு அவனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

வளவன் தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்தான். “யாரு... யாரு எழுதனது?”

அவள் நிமிரவில்லை. மஞ்சள் அப்பிய கையில் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் சிவந்திருந்தது.

“எட்டு மாசமா எனக்கு மட்டுமே எழுதறியே,” என்றாள். “நீயும் ஒழுங்கா சாப்ட்டு நாளாச்சுய்யா.”