ருசித்த பிறகே கோப்பு

அறையில் இருந்தவர்கள்: அதிகாரி, சத்துணவு ஆலோசகர் அம்மா, தலைமைச் சமையல்காரர், வேலை கேட்டு வந்தவன்.

தேறினால் முந்நூறு பேருக்குச் சமைக்கும் வேலை. சிபாரிசு நுழையக் கூடாது என்று, ருசி பார்த்த பிறகுதான் ஆளின் கோப்பைத் திறப்பார்கள்.

மூவரும் அவன் செய்துவைத்த சாலட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

“பச்சை இலைக்கு இப்படி ஒரு ருசியா? நான் செஞ்சா ஆடுகூட முறைக்கும்,” என்றார் சமையல்காரர்.

“மேல ஊத்தினது என்னப்பா?” என்று ஆலோசகர் கேட்டார்.

“ஒரு பங்கு வினிகர், மூணு பங்கு எண்ணெய், கடுகு விழுது, மிளகும்மா. புளிப்பு இருந்தா உப்பு கம்மியாப் போதும். எண்ணெய் சேர்ந்தாத்தான் கேரட்டோட சத்து உடம்புல ஒட்டும்.”

“மீந்துபோனா?”

“கோழியை ஊறவைக்கலாம். வெந்த உருளைக்கிழங்குல சூட்டோட கலக்கலாம்.”

“இவனையே போட்டுடுங்க சார்,” என்றார் சமையல்காரர்.

அதிகாரி தலையாட்டியபடி கோப்பின் நாடாவை அவிழ்த்தார். “முன்னாடி எங்கப்பா சமைச்சே?”

“வீட்டுலதாங்கய்யா. அண்ணன், அண்ணி, அவங்க பசங்க ரெண்டு பேர். கடைசியா அவங்களுக்குச் செஞ்சதும் இதேதான். எந்தக் கசப்பையும் வினிகர் மறைச்சிடும்.”

அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார். நேற்றுதான் வேறு சிறையிலிருந்து மாற்றப்பட்ட கைதி. உணவில் விஷம், நான்கு கொலை, ஆயுள் தண்டனை. கோப்பை மற்ற இருவர் பக்கம் தள்ளினார். ஆலோசகரின் கை தானாகவே வயிற்றுக்குப் போனது.

“நாளையிலேர்ந்து வரட்டுங்களாய்யா?”

அதிகாரி வெளியே நின்ற காவலரைக் கூப்பிட்டார். காவலர் அவனை அழைத்துப்போய் உள்ளே விட்டு, கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.