இருபது ஆம்பூல்

"கேட்டது என்ன, நீ எழுதி வச்சிருக்கிறது என்ன?"

நர்சிங் கல்லூரியின் மருந்தியல் ஆசிரியை விடைத்தாளை மேஜைமேல் ஓங்கித் தட்டினார். எதிரே நின்ற மாணவிக்கு வகுப்பில் 'ஏன்' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். மதிப்பெண் மட்டும் யாரையும் கேட்காமல் பரீட்சைக்குப் பரீட்சை குறைந்துகொண்டே வந்தது.

"எத்தனை ஆம்பூல் வேணும்னு கேட்டிருக்கீங்க மேடம்."

"அதுக்கு நீ?"

"ஊசி போட மாட்டேன்னு எழுதியிருக்கேன்."

ஆசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேள்வியை உரக்கப் படித்தார்.

"உடம்பில் நீர் கோத்திருக்கும் நோயாளிக்கு, நீர் பிரிவதற்கான ஊசி மருந்து நானூறு மில்லிகிராம் போடும்படி மருத்துவர் எழுதியிருக்கிறார். ஓர் ஆம்பூல் குப்பியில் இருபது மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை ஆம்பூல் தேவை? நானூறை இருபதால வகுக்கணும். அவ்வளவுதானே? அஞ்சாங்கிளாஸ் பிள்ளை போடும்!"

"நானும் வகுத்தேன் மேடம். இருபதுன்னு வந்துச்சு. அதைப் பாத்துதான் பயந்துட்டேன்."

"கணக்கைப் பாத்து என்னம்மா பயம்?"

"வார்டுல இதே மருந்தை எத்தனையோ பேருக்குப் போடறதைப் பாத்திருக்கேன். ஒரு ஆளுக்கு ரெண்டு குப்பி உடைப்பாங்க, மிஞ்சிப்போனா மூணு. ஒருத்தருக்காக இருபது குப்பி கழுத்தை வரிசையா உடைச்சுக்கிட்டே போனா, அஞ்சாவதுலயாவது கை நிக்க வேணாமா? அத்தனையும் ஏத்தினா நீர் மட்டுமா மேடம் போகும்? ஆளும் சேர்ந்து போயிடுவார். அதான், 'டிரேயைக் கீழே வச்சுட்டு டாக்டருக்குப் போன் போடுவேன்'னு எழுதினேன்."

"பரீட்சை ஹாலுக்குள்ள ஏதும்மா டாக்டர்? ஏதும்மா போன்?"

ஆசிரியை விடைத்தாளின் முதல் பக்கத்தைப் புரட்டி மதிப்பெண்ணைச் சுட்டிக்காட்டினார்.

"மத்த முப்பத்தொன்பது பேரும் இருபதுன்னு எழுதி பத்துக்குப் பத்து வாங்கிட்டாங்க. உனக்கு முட்டை. மொத்தம் நாப்பத்திரண்டு. பாஸ் மார்க் அம்பது. ஆறு வருஷமா என் பாடத்துல ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆனதில்ல, தெரியுமா? நாளைக்கு உங்க அப்பாவை வரச்சொல்லு."

"வருவார் மேடம். ஆனா அவரும் ஏன்னுதான் கேப்பார். எங்க வீட்டுல எல்லாருக்குமே இந்த வியாதி உண்டு."

ஆசிரியைக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அலுவலக உதவியாளர் கதவருகே வந்து நின்றார்.

"மேடம், விடைத்தாள் கட்டோட முதல்வர் உங்களை வரச்சொன்னாங்க."

"நல்லதாப் போச்சு. நீயும் வா. உன் அழகை அவங்களும் பாக்கட்டும்!"

முதல்வர் அதிகம் பேசாதவர். கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரே கேள்வியை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். கடைசித் தாளில் விரல் நின்றது. மாணவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேள்வித்தாளை ஆசிரியை பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரு நோயாளிக்கு இருபது ஆம்பூலா?"

அப்போதுதான் ஆசிரியைக்கு உறைத்தது.

போன வருடக் கேள்வியைத்தான் அவர் இந்த வருடமும் எடுத்துப் போட்டிருந்தார். அதில் இருந்தது நாற்பது மில்லிகிராம். இரண்டே ஆம்பூல். தட்டச்சு செய்யும்போது விரல் இன்னொரு பூஜ்யத்தையும் சேர்த்து அழுத்தியிருக்க வேண்டும். திருத்தும்போதாவது கண்ணில் பட்டிருக்கலாம். ஆனால் முதல் ரேங்க்காரியின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்ற தாள்களைத் திருத்துவதுதான் அவர் வழக்கம். அவள் இருபது என்று எழுதியிருந்தாள். எல்லாத் தாளிலும் இருபதுக்கு டிக் விழுந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். அதுவும் இந்தப் பெண்ணின் எதிரில்!

"அது... வேணும்னே வச்சது மேடம்" என்றார் ஆசிரியை. சொல்லி முடித்ததும் குரலுக்கே ஒரு தெம்பு வந்தது. "பிள்ளைங்க யோசிக்கிறாங்களா, இல்ல கண்ணை மூடிக்கிட்டுக் கணக்குப் போடறாங்களான்னு பாக்கறதுக்காக."

"அப்படின்னா, சரியா யோசிச்ச பொண்ணுக்கு ஏன் முட்டை?"

"அதுவும் சோதனைதான் மேடம்! சரின்னு பட்டதைத் திட்டு வாங்கினாலும் விடாமச் சொல்றாளான்னு பாத்தேன். சொன்னா. இதோ, பத்து போட்டுடறேன்."

போட்டும்விட்டார். நாற்பத்திரண்டு ஐம்பத்திரண்டானது. மாணவி ஆசிரியையை ஒரு தினுசாகப் பார்த்தாள். அந்த வழக்கமான கேள்வி அவள் உதடு வரை வந்துவிட்டது. "நீ கிளம்பு, கிளம்பு" என்று ஆசிரியை அவளை வாசல் வரை தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

"நல்ல யோசனை. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்றார் முதல்வர்.

ஆசிரியை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சும்மா இல்ல மேடம். ஒரு வாரம் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கிட்டேன். கடைசியில, ஒரே ஒரு பூஜ்யம் சேத்தாப் போதும், யாரு தேறுவா, யாரு தேறமாட்டான்னு பளிச்சுன்னு தெரிஞ்சுடும்னு தோணுச்சு."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார் முதல்வர், கட்டைக் கட்டியபடியே. "அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பூஜ்யத்தைச் சேத்தது நான்தான். ஆனா பிள்ளைங்களைச் சோதிக்கிறதுக்காக இல்ல."