துணைக்கு ஒரு ஐஸ் பேசின்

"ஒரு கயிறு இழுத்ததுக்கு ரெண்டு நாள் ஓய்வா? வேலைக்கு லீவு வேற போட்டிருக்கா," என்று மருமகளைப் பற்றி மகன் தர்மேந்திரனிடம் ஆரம்பித்தாள் பஞ்சாலை.

லிங்கி ரப்பர் தோட்டத்துக் கோயில் பொங்கல் விழாவில், ஞாயிற்றுக்கிழமை, பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றவள் பஞ்சாலை. அவளுக்கு முன்னால் மருமகள் மோகனா. பெடாஸ் ஊர் அணியை இழுத்துச் சாய்த்து, ரைஸ் குக்கர் பரிசு வாங்கி வந்தார்கள்.

இன்று செவ்வாய். மருமகள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ரெண்டாவது நாள்தான்மா வலி கூடுமாம்," என்றான் தர்மேந்திரன். "சதையில சின்னச் சின்னக் கிழிசல் விழுமாம். ஓய்வெடுத்தாத்தான் ஆறுமாம். மோகனா போன்ல படிச்சா."

"நான் நானூறு மரம் சீவி, பால் வாளி தூக்கி, வீட்டுக்கு வந்து மாவும் ஆட்டினேன். எந்தப் போன் எனக்கு லீவு குடுத்துச்சு? வலிச்சா மறுபடியும் அதே வேலையைச் செய்யணும். தன்னால ஓடிடும்."

"அத்தை," என்று முன்னறையிலிருந்து மோகனா முனகினாள். "இந்த ஐஸ் தண்ணியில தனியா கால் வைக்கப் பயமா இருக்கு. நீங்களும் வைங்களேன்."

"எனக்கு எதுக்கு லா? எனக்கு ஒண்ணும் வலிக்கல."

"துணைக்குத்தான் அத்தை."

"நல்ல பொண்ணாத்தான் பார்த்துக் கட்டியிருக்கடா," என்று முணுமுணுத்தபடி பஞ்சாலை போய் உட்கார்ந்தாள். துணி ஊறவைக்கும் பேசினில் நாலு கால்கள்.

துணைக்கு வாழைப்பழம் தின்றாள். துணைக்கு அவித்த முட்டை இரண்டு. தைலமும் துணைக்குத்தான். மருமகளைத் திட்டிக்கொண்டே இருந்தவள், பாதித் திட்டில் அப்படியே தூங்கிப்போனாள்.

சமையலறையில் தர்மேந்திரன் கடுகடுவென்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். மோகனா விறுவிறுவென்று வந்தாள். பத்துக் கிலோ அரிசிப் பையை ஒரே தூக்காகத் தூக்கி டின்னில் கொட்டினாள்.

கத்தி நின்றது. "உனக்கு வலி?"

"எனக்கு என்னங்க வலி? செனாவாங் ஃபேக்டரியில தினமும் பெட்டி தூக்குற ஆளு நான்."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்? சோம்பேறின்னு தோட்டம் பூரா சொல்லிக்கிட்டு இருக்காங்க அம்மா."

"சொல்லட்டும். அவங்களை ஓய்வெடுங்கன்னா எடுப்பாங்களா?"

முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, மோகனா குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து காலையில சாமி முன்னால விழுந்து கும்பிட்டாங்க. அரை மணி நேரம் எழுந்திரிக்கவே இல்ல. போய்க் கேட்டா, பெரிய வேண்டுதல்னு சொல்றாங்க."