அப்பா உறங்குகாரு

"ஒச்சையில்லாம நடட்டி மக்களே. அப்பா இப்பந்தான் உறங்குனாரு." ஞானபாய் உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றாள்.

முன்னறையில் பிரிஜா புட்டும் பழமும் பிசைந்துகொண்டிருந்தாள். வாய்க்குப் போய்ச் சேரவில்லை. விரல் நடுங்கித் தட்டைச் சுற்றிலும் புட்டு சிந்திக் கிடந்தது.

"பேடிக்காத. அந்த வீடியோவுல சொன்னது மாதிரி மூச்ச இழுத்து விடு."

"விட்டுட்டுத்தான்மா இருக்கேன்."

சவுதியில் நர்ஸ் வேலைக்கான லைசென்ஸ் பரீட்சை, திருவனந்தபுரத்தில். இது மூன்றாவது தடவை. ஐ.சி.யு.வில் வருஷக்கணக்காகச் சாவோடு மல்லுக்கட்டுகிறவள், பரீட்சைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வெளுத்துப்போவாள். முதல் தடவை வாந்தி. அடுத்த தடவை பாதியில் மயங்கி விழுந்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். வேலை தருவதாகச் சொன்ன சவுதி ஆஸ்பத்திரி இனிக் காத்திருக்காது. இன்று விட்டால் விட்டதுதான்.

அப்படிப்பட்டவளிடம் எந்த வாயால் சொல்வது?

விடியற்காலையில் ஞானபாய் எழுந்தபோதே முன்னறையில் லைட் எரிந்தது. பிரிஜா புத்தகமும் கையுமாக இருந்தாள். ஞானபாய் கட்டங்காப்பி போட்டு எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் புருஷனைத் தொட்டாள். ரசலையன் சில்லிட்டுக் கிடந்தார்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி உருக்குலைந்த மனுஷன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு, அவருடைய இடது கண் மூடியதே கிடையாது. நல்ல உறக்கத்திலும் அது கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்று இரண்டு கண்ணும் ஒழுங்காக மூடியிருந்தன. சாவாவது அந்தக் கண்ணுக்கு இரக்கப்பட்டதே என்று நினைத்தாள்.

அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்த கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. அந்தக் காப்பியைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கி மகளுக்குக் கொடுத்தாள்.

பிரிஜா கை கழுவிவிட்டுப் பையை எடுத்தாள். வெளியூர் போகும்போதெல்லாம் அப்பாவின் விளங்குகிற கையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு போகிறவள். ஞானபாய் கதவில் இன்னும் அழுத்திச் சாய்ந்தாள்.

"எழுப்பாண்டாம் மக்களே. ராத்திரி பூரா இருமுனாரு."

பிரிஜா கதவையே பார்த்தாள். "வேண்டாம்மா. உறங்கட்டு."

கர்த்தர் காப்பாற்றினார் என்று மூச்சுவிட்ட ஞானபாய், தன் கையை மகள் தலையில் வைத்தாள்.

திருவனந்தபுரம் பஸ் போன பிறகு வீட்டை உள்ளே தாழிட்டாள். இனி ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாது. சொன்னால் சபைக் கோயிலில் மணியடிக்கிற ஏசுஅடிமை துக்க மணி அடிப்பார். மணி ஓய்வதற்குள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ரசலையன் படம் மாலையோடு வந்துவிடும். அந்தக் குரூப்பில் பிரிஜாவும் இருக்கிறாள். பரீட்சைக்கு உள்ளே விடும்போது போனை வாங்கி வைப்பார்களாம். அது எப்போது என்று ஞானபாய்க்குத் தெரியாது. மகள் கூப்பிடும்வரை இது சாவு வீடு இல்லை.

பக்கத்து வீட்டு சுஜி வந்து தட்டினாள். கதவை ஒரு சாண்தான் திறந்தாள் ஞானபாய்.

"மைனி, இன்னைக்கு அண்டியாபீஸ் போகல்லியா? அண்ணனுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்."

"உறங்குகாரு. பொறவு வா."

"பரீட்சை எழுதப் போனது பிரிஜாவா, நீங்களா? மொகம் பேயறஞ்சது மாதிரி இருக்கு."

"பரீட்சை முடியட்டு. பொறவு எல்லாரும் வருவிய."

சுஜிக்கு அது விளங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

வெயில் ஏறியதும் ஈ வரத் தொடங்கியது. ஞானபாய் ஒரு கையால் முந்தானையை வீசி ஈ ஓட்டினாள். மறு கையில் போன். கூடவே வாழ்ந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடியவில்லை. அழுத குரலைப் போனில் மகள் கண்டுபிடித்துவிடுவாள். மகள் போல மூச்சை இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள்.

சாயங்காலம் போன் அடித்தது.

"அம்மா, கம்ப்யூட்டர்லயே பாஸ்னு வந்துட்டு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! கை நடுங்கல்லியா மக்களே?"

"இல்ல. பரீட்சய நெனச்சுப் பேடிக்கதுக்கு இன்னைக்கு எனக்கு எடமே இல்லம்மா."

வீடு வந்து சேரட்டும் என்று ஞானபாய் குரலைச் சரிசெய்துகொண்டாள். "பதறாம பஸ் ஏறி வா. அப்பா உறங்குகாரு. எந்திச்ச ஒடனே சொல்லுகேன்."

மறுமுனையில் மகள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"இனி மணி அடிக்கச் சொல்லும்மா."

"எந்த மணி? நீ என்ன மக்களே சொல்லுக?"

"காலையில அப்பாவுக்க கண்ண மூடுனதே நாந்தாம்மா."