மலை மேல் ஒரு திரை

“காட்சித் திரையைத் திறக்க முடியவில்லை” என்றது கணினி, நான்காவது தடவையாக.

மணி மூன்று இருபது. மலையடிவாரத்தில் ஹெலிகாப்டர் தயாராக நின்றது. நாலு மணிக்கு மேல் அங்கே பறக்க முடியாது.

நேற்று காலை பனி சரிந்து கணவாய்ப் பாதையை மூடிவிட்டது. என் தம்பி எர்கேபாய் மேலே பனி அளக்கும் நிலையத்தில் தனியாக இருந்தான். அல்லது சரிவதற்கு முன்பே கீழே கிளம்பி, பாதையில் மாட்டியிருந்தான். எது என்று யாருக்கும் தெரியாது. ரேடியோ கோபுரம் சாய்ந்துவிட்டது.

ஒரு தடவைதான் போகலாம். பாதையைத் தோண்டுவதா, நிலையத்துக்குப் போவதா?

நிலையத்துக் கணினி மட்டும் செயற்கைக்கோள் வழியாக அளவுகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. அதில் எழுதிப் பேச வழியில்லை. ஆனால் வாசல் கேமரா அதில்தான் இருந்தது. அந்தப் படத்தை பிஷ்கெக்கில் என் திரைக்கு வரவைத்தால் போதும். வாசலில் பனிச்சறுக்குக் கட்டைகள் சாய்த்திருந்தால் அவன் உள்ளே இருக்கிறான்.

படம் வெளியே போகும் வழியை அடைத்தது நான்தான். பாதுகாப்புக்காம். இலையுதிர் காலத்தில் அங்கே போய் உட்கார்ந்து அடைத்தேன்.

“உன் வீட்டு அலமாரி மாதிரியே போட்டு வச்சிருக்க, எஜே” என்று அக்காவான என்னைக் கிண்டல் செய்துகொண்டே, நான் திறந்தபடி விட்ட விண்டோக்களை அன்று ஒவ்வொன்றாக மூடினான் எர்கேபாய்.

என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடைப்பை எடுத்துவிட்டு, இணைப்பைத் துண்டித்து மறுபடி நுழைந்தேன். நுழைய முடியாமல் போயிருந்தால் அதோடு சரி. நுழைந்தேன். படம் வரவில்லை.

“பைலட் கேக்கிறான், ஜிபார். ரோட்டுக்கே போகச் சொல்லிடவா?” எங்கள் தலைவர் மய்ராம்பெக் போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

“ரெண்டே நிமிஷம், பைகே.” அண்ணன் என்ற முறையில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எந்தத் திரையில் காட்ட வேண்டும் என்ற எண்ணை நானே அடித்தேன். பூஜ்ஜியம்.

பிழை எதுவும் வரவில்லை. கேமரா ஓடியது. என் திரையில் மட்டும் ஒன்றுமில்லை.

அப்புறம்தான் உறைத்தது. பூஜ்ஜியம் என் திரை இல்லை. நிலையத்து மேசை மேல் இருக்கும் திரை. படத்தை மலையிலேயே திறந்து வைத்திருக்கிறேன்.

நிறுத்தக் கை வைக்கும்போது ஒரு வரி வந்தது.

‘விண்டோ மூடப்பட்டது.’

நான் மூடவில்லை. மூடுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

மறுபடி ஓடவிட்டேன். பத்து எண்ணுவதற்குள் அதே வரி.

“பைகே, ரோட்டுக்கு வேண்டாம். நிலையத்துக்குப் போகச் சொல்லுங்க.”

“படம் வந்துச்சா?”

“வரல.”

மூன்றாவது தடவை திறந்தேன். அவன் அதையும் மூடினான்.