கன்னத்துக்கு ஒரு நிறம்

பஜ்ஜிக் கடையில் எண்ணெய் தெறித்து வெந்த கன்னத்தோடு பேச்சிக்கனி மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். தோல் அச்சடிக்கும் இயந்திரம் அவளுடைய மறு கன்னத்தைப் பார்த்தது. தன் நினைவகத்தில் இருந்தவற்றில் அதற்கு மிக நெருங்கிய நிறத்தில் ஒரு தோல் துண்டை அச்சிட்டது. அது வெளிர் கோதுமை நிறம்.

"என்ன மேடம், இத வச்சா ஒரு பக்கம் மட்டும் பவுடர் அப்புன மாதிரில்லா இருக்கும்?" என்று சிரித்தாள் பேச்சிக்கனி. "இந்த மூஞ்சியோட கடையில நின்னா எல்லாரும் பஜ்ஜிய விட்டுட்டு என்னையில்லா பாப்பாவ!"

"இதுக்கு மேல கருப்பு மிஷின்ல இல்லக்கா" என்றாள் இயந்திரத்தை இயக்கும் ஆதிரை.

போன வாரம் நினைவகம் நிரம்பியபோது, யாரும் கேட்காத நிறங்களை அவள்தான் அழித்தாள். வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாகவே கேட்டிருந்தார்கள். அழித்ததைத் திரும்ப வரவழைக்க நாளாகும். புண் அதுவரை தாங்காது.

பேச்சிக்கனி குனிந்து ஆதிரையின் மணிக்கட்டைத் தொட்டாள்.

"இல்லன்னு சொல்லுதிய. இந்தா பாருங்க, உங்க கை நெறந்தான எனக்கும்? இத வச்சுப் போடுங்களேன்."

ஆதிரை கையை மேசைக்கு அடியில் இழுத்து, வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டாள். பிறகு கோதுமை நிறத் துண்டை எடுத்தாள்.