பாலில் குற்றமில்லை

டாக்டர் கமருன்னிஸா குழந்தையின் வயிற்றில் பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார்.

நாற்பத்திரண்டு நாள் ஆண் குழந்தை. குடித்த பாலைச் சுவர்வரை பீய்ச்சிக் கக்கும். கக்கிய மறு நிமிடமே பசித்து அழும்.

காத்தாயி அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூத்தவனும் இப்படித்தான். இரண்டு மாதம் முடியுமுன்னே போய்விட்டான்.

அவள் பால்தான் விஷம் என்றாள் மாமியார். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிப் பாலை வற்றவைத்தார்கள். பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள். அதையும் கக்கினான்.

இந்த முறை யாரையும் கேட்காமல் திருவாரூருக்கு பஸ் ஏறிவிட்டாள். புருஷன் கோவிந்தராசு ஓடி வந்து பின்வாசலில் தொற்றிக்கொண்டான்.

"இங்க பாரும்மா. இரைப்பைலேர்ந்து குடலுக்குப் போற வழி. சதை தடிச்சு அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். "தஞ்சாவூருக்கு எழுதித் தர்றேன். சின்ன ஆபரேஷன்தான், பொழச்சுக்குவான்."

"என் பாலாலயா டாக்டர்?"

"பால்ல ஒரு குத்தமும் இல்ல. அது எறங்க வழியில்ல, அவ்வளவுதான்."

காத்தாயி குழந்தையின் வயிற்றில் இருந்த பசையை முந்தானையால் துடைத்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "சில குடும்பத்துல இது வழிவழியா வரும். உங்கள்ல யாருக்காவது கைக்குழந்தையில இந்த ஆபரேஷன் நடந்திருக்கா?"

காத்தாயி இல்லையென்று தலையாட்டினாள்.

கோவிந்தராசு முன்னால் வந்தான். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான்.

மேல்வயிற்றில் நீளமாக ஒரு தழும்பு.

ஊருக்கே தெரிந்த தழும்புதான். தாயும் மகனுமாகக் காத்தாயியின் ஊருக்குக் குடிவந்தபோது, பழைய ஊரில் கூலிப் போராட்டத்தில் பண்ணையார் ஆள் அரிவாளால் வெட்டியது என்றான். அதற்காகவே விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அவனைத் தலைவனாக்கினார்கள். அதைக் கேட்டுத்தான் காத்தாயியின் அப்பா பெண் கொடுத்தார்.

"ரெண்டாவது மாசத்துல, மிஷன் ஆஸ்பத்திரியிலங்க" என்றான் டாக்டரிடம். "பாலைக் கக்கிக்கிட்டே இருந்தேனாம்."

காத்தாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். தஞ்சாவூர் பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் முதலில் ஒரு பாலாடை பால் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு இரண்டு. மூன்றாம் நாள் காலை குழந்தை அவள் மார்பில் வாய்வைத்துக் குடித்தது. அவள் வெகுநேரம் காத்திருந்தாள். கக்கவில்லை.

கோவிந்தராசு கட்டிலருகே வந்து நின்றான்.

"மூத்தவன் கக்குனப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த மாசம் சங்கத் தேர்தல் இருந்துச்சு" என்றான்.

அவள் குழந்தையை மறு மார்புக்கு மாற்றிக்கொண்டாள்.